சின்ன வெங்காயத்தைக் கண்டுபிடித்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி எனக்கு ஒரு பரிசோதனை அறிக்கை அனுப்பியிருந்தாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அவளுடைய ஆறு வயதுப் பையனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, எந்தெந்த உணவு ஆகாது என்று பார்த்திருக்கிறாள். ஆறு பக்க அறிக்கை. சிவப்பு மையில் பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, வேர்க்கடலை, தேங்காய் என்று முப்பதுக்கு மேல். "டீச்சர், ரெண்டு மாசமா இதுல எதுவுமே கொடுக்கறதில்ல. வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா பையன் ஒன்றரை கிலோ இளைச்சிட்டான். நீங்களும் இப்படி நிறுத்தித்தானே சரியானீங்க?" என்று கேட்டிருந்தாள்.

அன்றைக்கே கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். உறவுகளிலும் நாலைந்து பேர் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் நிறுத்தியது உண்மைதான். ஆனால் நிறுத்தியது நாலே வாரம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தது மூன்று மாதம். யாரும் கேட்காத அந்த மூன்று மாதக் கதையில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வியாதியைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், 2018இல், ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் போனது, பலவீனம் போனது, ஆனால் வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் உப்பிக்கொள்ளும். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடுவது போலச் சத்தம். திடீரென்று ஓட வேண்டியிருக்கும். கடைசி வருடம் பிளஸ் டூ செய்முறை வகுப்பை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றிக் கேட்டேனே, அதற்குக் காரணம் இதுதான். உங்களிடம் அப்போது வேறு ஏதோ காரணம் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகு வெளியே போவதே நின்றுபோனது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே பட்டினி. பேருந்தில் ஏறினால் வழியில் கழிப்பறை எங்கே எங்கே இருக்கிறது என்பதுதான் நினைப்பு. நாலு வருடமாக உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு நான் வராமல் இருந்ததற்கு "ரிடையர் ஆனதும் டீச்சருக்குக் கௌரவம் கூடிப்போச்சு" என்று பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. வருத்தமில்லை. இதையெல்லாம் பந்தியில் உட்கார்ந்து விளக்க முடியுமா?

ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், வெந்தயம், மாதுளம்பழத் தோல் என்று கைவைத்தியம் எல்லாம் ஆனது. ஆளுக்கொரு தீர்ப்பு வேறு. பாலை நிறுத்து, காப்பியை நிறுத்து, புளியை நிறுத்து, ராத்திரி சோறு வேண்டாம். பெரும்பான்மைத் தீர்ப்பு காப்பிக்கு எதிராகத்தான். நாலு மணிக் காப்பி குடித்த அரை மணி நேரத்தில் வயிறு கலங்குவதை என் கணவரே பலமுறை பார்த்திருக்கிறார்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு குடல் மருத்துவரிடம் போனோம். நிதானமான மனிதர். முதல் நாளே உணவைப் பற்றிப் பேசவில்லை. ரத்தசோகை உண்டா, எடை தானாகக் குறைகிறதா, மலத்தில் ரத்தம் போகிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியா என்று வரிசையாகக் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் குடல் பழக்கம் மாறினால் பார்க்காமல் விடக்கூடாது என்று கொலோனாஸ்கோப்பி செய்தார். தைராய்டு பார்த்தார். கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார். இந்தக் கடைசிச் சோதனையை நன்றாகக் கவனியுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் செய்ய வேண்டும். சப்பாத்தியை நிறுத்திவிட்டு ரெண்டு மாதம் கழித்துப் போய் ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். எதையும் விலக்குவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான்.

எல்லாம் சுத்தமாக வந்தது. குடல் எரிச்சல் நோய்க்குறி, ஐபிஎஸ், என்றார். குடலில் புண் கிடையாது, கட்டி கிடையாது, ஆனால் அது லேசான உப்பலையும் வலியாக உணர்கிறது. கடுமையான குடல் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருவதுண்டாம். பிறகு ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். உங்களில் கடைசி பேட்ச் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "மேடம், இது டயட் இல்ல, ஒரு டெஸ்ட். டெஸ்ட் முடிஞ்சதும் நிறுத்திடணும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஆகாத உணவை விலக்கிக் கண்டுபிடிக்கும் முறை பழையது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ரோ என்ற மருத்துவர் 1920களிலேயே இதை முறைப்படுத்தினார். எனக்குக் கொடுத்தது அதன் இன்றைய வடிவங்களில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது, ஃபாட்மேப் என்று பெயர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பாலில் லாக்டோஸ், வெங்காயம் பூண்டு கோதுமையில் ஃப்ரக்டான், பருப்பு வகைகளில் காலக்டோ சர்க்கரைகள், மாம்பழத்திலும் தேனிலும் மிகையான ஃப்ரக்டோஸ். இவை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் வரும். எல்லோர் வயிற்றிலும் நடப்பதுதான் இது. என் குடல் மட்டும் அதற்குக் கூப்பாடு போடுகிறது.

உங்களுக்கு உப்புப் பகுப்பாய்வு ஞாபகம் இருக்கிறதா? யாருக்குத்தான் மறக்கும்! தெரியாத உப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் நேராகத் துத்தநாகமா என்று பார்க்க மாட்டோம். முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி என்று வரிசையாகப் போவோம். இரண்டாம் தொகுதிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்திய பிறகு கரைசலைக் கொதிக்க வைத்து மிச்ச வாயுவை விரட்டாமல் மூன்றாம் தொகுதிக்குப் போனால், அடுத்த தொகுதியில் வர வேண்டியது முன்னாலேயே வீழ்படிவாக வந்து குழப்பும். அந்த அழுகிய முட்டை நாற்றத்தோடு "டீச்சர், வந்திடுச்சு டீச்சர்" என்று ஓடி வருவீர்கள். இந்த டயட்டும் அச்சு அசல் அதே வேலைதான். ஒரு நேரத்தில் ஒன்று. அடுத்ததற்குப் போகும் முன் மிச்சத்தை விரட்ட வேண்டும்.

ஆவணியில் ஆரம்பித்தோம். நாலு வாரம் பால், சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, பருப்பு, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், காளான், முந்திரி, தேன், ஆப்பிள் எல்லாம் கிடையாது. கூட்டுப் பெருங்காயமும் கிடையாது, ஏனென்றால் அதில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரியும்? மீதமிருந்தது சோறு, இடியாப்பம், முட்டை, மீன், உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், ஆரஞ்சு. பட்டினி இல்லை. ஆனால் தஞ்சாவூர்க்காரிக்கு வெங்காயமில்லாத மீன் குழம்பு என்பது தலையெழுத்துதான்.

பன்னிரண்டாம் நாள் காலையில் எழுந்தேன், வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆறு வருடத்தில் முதல் முறை. நான் அழுதேன் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். குணம் தெரிந்துவிட்டது, இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. டயட்டீஷியன் விடவில்லை. பன்னிரண்டு பொருளை நிறுத்தியதில் குணமானது என்றால், பன்னிரண்டில் ஏதோ ஒன்றோ இரண்டோ காரணம் என்றுதான் தெரியும். மற்ற பத்தும் நிரபராதிகள். அவற்றை ஆயுள் முழுக்க உள்ளே வைப்பதா? அதுவுமல்லாமல், ஃப்ரக்டான் போன்றவைதான் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி. நெடுநாள் நிறுத்தினால் அவை குறைகின்றன. நாலே வாரத்தில் எனக்கும் இரண்டு கிலோ இறங்கியிருந்தது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி, மனசு எப்படி. கடைசிக் கட்டத்தைக் கேலி செய்யாதீர்கள். மகன் போன் செய்து சண்டை போட்ட அன்றைக்கு, எந்தச் சோதனைப் பொருளும் சாப்பிடாமலே ஆறு மதிப்பெண் வந்தது. அதையும் அப்படியே எழுதி வைத்தேன்.

முதல் குற்றவாளியாகப் பாலைக் கூண்டில் ஏற்றினோம். முதல் நாள் கால் கப், அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் முழு கப். 100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி வயது வந்த தென்னிந்தியர் பலருக்குக் குறைவு. ஆனால் நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை சமாளிப்பார்கள். என் ஃபில்டர் காப்பியில் பால் 100 மில்லிதான், கணக்கு நீங்களே போடுங்கள். மூன்று நாளும் ஒன்று, ஒன்று, இரண்டு என்றே மதிப்பெண் வந்தது. என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு நாள் லாக்டோஸ் இல்லாத பால், ஒரு நாள் சாதாப் பால் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்துவிட்ட பால் சற்று அதிகம் தித்திக்கும். ஒரு மிடறிலேயே சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து சர்க்கரையைக் கூட்டிப் போட்டு ருசியை மறைத்தார். அஞ்சல் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்த மூளை! எந்தப் பால் வைத்தாலும் மதிப்பெண் மாறவில்லை. காப்பி விடுதலை.

ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் மூன்று நாள் பழைய பத்தியம். மிச்ச வாயுவை விரட்டுகிற நாட்கள். பருப்பு தேறியது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இன்னும் நல்லது, அந்தச் சர்க்கரை தண்ணீரோடு போய்விடும். சப்பாத்தி இரண்டு வரை சரி, மூன்றாவது சரியில்லை. கோதுமையில் இருப்பதும் ஃப்ரக்டான்தான் என்பதால் அது ஒரு துப்பு. நார்வேயின் ஓஸ்லோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சீலியாக் நோய் இல்லாமல், குளூட்டன் ஆகாது என்று நம்பி அதை விலக்கியிருந்த 59 பேருக்கு, எதில் என்ன என்று சொல்லாமல் குளூட்டன் கலந்த பாரும் ஃப்ரக்டான் கலந்த பாரும் இரண்டும் இல்லாத பாரும் கொடுத்துப் பார்த்தார்கள். அதிகத் தொல்லை தந்தது ஃப்ரக்டான். குளூட்டன் அல்ல.

பிறகு வெங்காயம். முதல் நாள் இரண்டு சின்ன வெங்காயம், காலை எட்டரைக்கு. பத்து மணி, பன்னிரண்டு மணி, ஒன்றுமில்லை. மூன்றரைக்கு வயிறு மத்தளம். மதிப்பெண் ஏழு. மூன்று நாள் திட்டத்தை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பூண்டு, அரைப் பல்லில் ஐந்து, ஒரு பல்லில் எட்டு. நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டது பெருங்குடல் வரை போய் நொதிக்க மணிக்கணக்கில் ஆகிறது. காலைச் சட்னியின் பழி இத்தனை வருடமும் நாலு மணிக் காப்பியின் தலையில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்தது சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு, வடகம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, ஊறவைத்த உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, விளக்கெண்ணெய் சேர்த்துப் பிசைந்து உருட்டி, நாள் கணக்கில் காயவைத்து எடுப்பது. குழம்பு எதுவானாலும் எங்களுக்குத் தாளிப்பு அதுதான். அம்மா போன பிறகு திருவாரூரில் இருக்கும் என் அக்காதான் ஒவ்வொரு வருடமும் போட்டு, ஒரு எவர்சில்வர் தூக்கில் எனக்கு அனுப்புவாள். எழுபத்திரண்டு வயதில் மொட்டை மாடி ஏறி இறங்கி.

அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அறுபது வருஷமா தின்னது இப்ப விஷமாயிடுச்சா? அம்மா கைப்பக்குவம்டி அது" என்றாள். விஷமில்லை அக்கா, அலர்ஜிகூட இல்லை, என் குடலுக்கு அந்தச் சர்க்கரையைத் தாங்கத் தெரியவில்லை என்று பாடம் நடத்தினேன். பாடமெல்லாம் அவளிடம் நடக்காது. ரெண்டு மாதம் அவளாகக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள்.

இங்கே வேதியியல்தான் கைகொடுத்தது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால்தான் சாம்பாரில் வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை. கொதிக்கும்போதே அது சாற்றில் இறங்கிவிடுகிறது. வடகமோ காய்ந்த பொருள். நல்லெண்ணெயில் அதை உதிர்த்துச் சிவக்கப் பொரித்து, தண்ணீர் எதுவும் படுவதற்கு முன் எண்ணெயை மட்டும் வடித்து எடுத்தால் வாசனை முழுக்க எண்ணெயில் இருக்கும், ஃப்ரக்டான் சக்கையில் நின்றுவிடும். மூன்று தடவை செய்து நோட்டில் எழுதினேன். ஒன்று, இரண்டு, ஒன்று. பூண்டுக்கும் இதே வழிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: பச்சைப் பூண்டு போட்ட எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி வெளியே வைக்காதீர்கள். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா அதில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். அடுப்பங்கரையில் என் பக்கத்தில் நின்று, நான் எண்ணெய் வடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "சக்கைய என்ன பண்றே?" என்றாள். அது உங்கள் மாப்பிள்ளை தட்டுக்குப் போகிறது என்றேன். "அதானே பார்த்தேன்" என்றாள். இந்த வருடம் தூக்கு வரும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த மாணவியிடம் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பார்த்த ரத்தச் சோதனை ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளப்பது. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருப்பது இயல்பு. பையன் தினமும் பாலும் பருப்பும் சாப்பிட்டான் என்றுதான் அந்தச் சிவப்பு மை சொல்கிறது. உணவு ஆகாமையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது. வளரும் பிள்ளையிடமிருந்து பால், முட்டை, பருப்பு மூன்றையும் பிடுங்கினால் அவன் எதில் வளருவான்? குழந்தை மருத்துவர் இல்லாமல், உணவியல் தெரிந்தவர் இல்லாமல் பிள்ளைகளுக்கு இந்த வேலையே கூடாது.

அதே சமயம், நிறுத்தியதையெல்லாம் அவளாகவே மறுநாள் கொடுத்துவிடவும் வேண்டாம் என்றேன். சாப்பிட்டதும் உதடு வீங்குவது, உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சு வாங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி இவையெல்லாம் முன்பு எப்போதாவது வந்திருந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். அதை வீட்டில் சோதிக்கவே கூடாது, உயிர் போகிற விஷயம். அப்படி எதுவும் இல்லை என்றாள். இருந்தாலும் மருத்துவர் பார்த்த பிறகே கொடுக்கட்டும் என்றேன். நேற்று குழந்தை மருத்துவரிடம் போய் வந்திருக்கிறாள். அவர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, பையன் வாரத்துக்கு எத்தனை நாள் மலம் கழிக்கிறான் என்று முதலில் கேட்டாராம். மலச்சிக்கல்தான் காரணமாக இருக்கும் என்று மருந்து கொடுத்து, நிறுத்திய உணவுகளை எந்த வரிசையில் கொடுப்பது என்று எழுதியும் கொடுத்திருக்கிறார். முட்டை முதலில். பையன் ரெண்டு கேட்டானாம்.

என் கணக்கில் பெரிய வெங்காயம் ஒரு மேசைக்கரண்டி வரைக்கும் இப்போது தாங்குகிறது. போன மாதம் ஒரு சீமந்தத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்தேன். சாம்பாரையும் குருமாவையும் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிட்டேன், பேருந்திலேயே திரும்பி வந்தேன். இனி மொய்யோடு நானும் வருவேன். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி எனக்கு ஒத்துக்கொள்கிறது, அதைத் தொட்டியிலேயே வளர்க்கிறேன். பரிமாறுகிறவர்கள் "ஒரு கரண்டி சாம்பார் டீச்சர்" என்று வற்புறுத்தாமல் இருந்தால் போதும்.

பட்டியலில் சோதிக்காமல் பாக்கி இருப்பது மாம்பழம் மட்டும்தான். நான் ஆரம்பித்தபோது சீசன் முடிந்திருந்தது. பங்கனப்பள்ளி வரத் தொடங்கியதும் கால் கப்பில் ஆரம்பிக்கிறேன். நோட்டில் பக்கம் ஒதுக்கி வைத்தாயிற்று.